டெஹானோ ஆல்பம்: குடும்பக் குழுக்கள் ஸ்டூடியோவில் சறுக்கும் இடங்கள்

டெஹானோ என்பது டெக்சஸ் வாழ் மெக்சிக வம்சாவளியினரின் இசை. அதன் புகழ்பெற்ற பாடகி செலீனாவின் குடும்பக் குழு முதல் ஆல்பத்தை வெளியிட்டது 1984ல், டெக்சஸின் கார்ப்பஸ் கிறிஸ்டியில். பாடகிக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்றுதான். அண்ணன் பேஸ் கிட்டார், அக்கா டிரம்ஸ், அப்பா மேலாளர். இதே அமைப்பில் இன்றும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒலிப்பதிவுக்குப் போகிற டெஹானோ குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகின்றன.

முதல் தவறு, கையில் இருக்கும் அக்கார்டியனுக்கு ஏற்பச் சுருதி வைப்பது. மூன்று வரிசைப் பட்டன் அக்கார்டியன் எல்லாச் சுருதிக்கும் வளையாது. வரிசைக்கு ஒன்றாக ஜி, சி, எஃப் சுருதிகள் கொண்ட ஜி-சி-எஃப் பெட்டி வைத்திருப்பவர் பாட்டை சி-யில் தொடங்கிவிடுவார். பிள்ளையின் குரலுக்கு ஏ பொருந்தினால், சி-க்கு ஏற்றினால் உச்சத்தில் தொண்டை கிழியும், இறக்கினால் அடியில் சத்தமே வராது. குரலை முதலில் பாருங்கள். தேவைப்பட்டால் இ-ஏ-டி பெட்டியை இரவல் வாங்குங்கள். பதின்பருவக் குரல் சில மாதங்களிலேயே மாறும் என்பதால், பதிவுக்கு இரண்டு வாரம் முன்பு சுருதியை மறுபடி சோதியுங்கள்.

அக்கார்டியனுக்குள் அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்குகளை, அதாவது ரீடுகளை, ஸ்டூடியோவில் திருத்த முடியாது. பல பெட்டிகளில் ஏ சுரம் வழக்கமான 440 ஹெர்ட்ஸில் நிற்காமல் 442ஐ ஒட்டி நிற்கும். ட்யூனரைப் பார்த்து பேஸையும், கிட்டார் போன்ற பாஹோ செக்ஸ்டோவையும் 440ல் கட்டிவிட்டு, கடைசியில் அக்கார்டியனைச் சேர்த்தால் பாட்டு முழுக்கப் புளிக்கும். அக்கார்டியன் ஒலிக்கும் சுரத்துக்கே மற்ற எல்லாரும் கட்ட வேண்டும். பாஹோ செக்ஸ்டோவில் ஆறு ஜோடி, மொத்தம் 12 கம்பி. புதுக் கம்பியை அன்று காலையில் மாட்டாதீர்கள், இரண்டு மூன்று நாள் முன்பே மாட்டி இழுபட விடுங்கள்.

அக்கார்டியனுக்கு இரண்டு பக்கமும் மைக் வைப்பது வீண். டெஹானோ வாசிப்பில் இடதுகைப் பேஸ் பட்டன்களுக்கு வேலை குறைவு, சிலர் அந்த ரீடுகளையே கழற்றிவிடுவார்கள். வலப்பக்கம் 30 முதல் 45 செ.மீ. தள்ளி ஒரு மைக் போதும். இன்னும் நெருங்கினால் பட்டன் தட்டும் சத்தம்தான் முன்னால் நிற்கும்.

போல்கா என்ற நடனத் தாளத்தில் பேஸ் கிட்டார் தாளத்தின் தட்டில் விழும், பாஹோ செக்ஸ்டோ எதிர்த்தட்டில் கார்டு (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) அடிக்கும். வீட்டில் பேஸ் இல்லாமல் பழகிய பாஹோக்காரர் அடிக்கம்பிகளையும் சேர்த்து வாசிப்பார். ஸ்டூடியோவில் பேஸ் கிட்டாரும் வந்ததும் அடிப்பகுதி குழம்பிப்போகும். மிக்ஸிங்கில் வெட்டிக்கொள்ளலாம் என்று விடாமல், வாசிப்பிலேயே அடிக்கம்பியைக் குறையுங்கள்.

வேகம் இன்னொரு தொல்லை. பதற்றத்தில் சின்னப் பிள்ளைகள் டிரம்ஸை ஓட்டிவிடுவார்கள். டெஹானோ ஆடுவதற்கான இசை, ஜோடிகள் வழுக்கியபடி நடக்கும் வேகம் வேண்டும். பழகும்போதே ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் எண்ணாக எழுதி, டிரம்ஸ் வாசிப்பவருக்கு மட்டும் ஹெட்போனில் க்ளிக் (வேகம் காட்டும் டிக்டிக் ஒலி) கொடுங்கள்.

பாடுவது தனி அறையில். தாளக்குழு வாசிக்கும்போது வழிகாட்டிக் குரல் மட்டும். உண்மையான டேக், அதாவது ஆல்பத்துக்கான குரல் பதிவு, பிறகு, தூங்கி எழுந்த நாளில், ஒரு பாட்டுக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். உற்சாகக் கூவல்களுக்கு, அதாவது கிரீட்டோவுக்கு, தனி டிராக் ஒதுக்குங்கள். சித்தப்பா ஆர்வமாகக் கூவியது குரல் டிராக்கில் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க வழியில்லை.

ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு ஸ்பானிஷ் வரிகளை ஒலியாக மட்டும் மனப்பாடம் செய்விப்பது வழக்கம். செலீனாவும் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் உதறும் ஆர் மழுங்கினால் நாய் ‘ஆனால்’ ஆகிவிடும்: பெர்ரோ நாய், பெரோ ஆனால். ரகர றகரத்தில் இடறிய எவருக்கும் இது புரியும். வரிக்கு வரி பொருள் சொல்லி, ஸ்பானிஷ் பேசும் பாட்டியை வைத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

மற்றவர் பாட்டைப் பாடினால் உரிமம் எடுக்க மறக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டுக்கு, சிடி ஒன்றுக்கு அமெரிக்கச் சட்டப்படியான கட்டணம் 2025ல் 12.7 சென்ட்டாக இருந்தது, 500 பிரதி என்றால் பாட்டுக்கு 63.50 டாலர். லேபிளின் (இசை வெளியீட்டு நிறுவனத்தின்) ஒப்பந்தத்தில் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவு, யாருக்குச் சொந்தம் என்ற வரியைப் பிள்ளை சார்பாகக் கையெழுத்திடும் பெற்றோர், வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே பேனாவை எடுக்கட்டும்.