1603 என்று சொல்லிவிட்டு நின்றுபோகும் வரி சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்வது எப்படி

வரிக்கணக்கு போட எடுத்த நேரத்தை விட, அதைப் போடும் சாஃப்ட்வேரை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கே அதிக நேரம் போன வருடம் ஒன்று எனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பச்சைப் பட்டை முக்கால்வாசி ஓடும், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும், அப்புறம் வந்த வழியே திரும்பி ஓடி '1603' என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். மறுபடி டவுன்லோட் செய்தேன், ஆன்டிவைரஸை அணைத்தேன், விண்டோஸையே அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாமா என்று கூட யோசித்தேன். காரணம் சாயங்காலம்தான் தெரிந்தது. அதற்கும் வரி சாஃப்ட்வேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

1603 என்ற எண்ணுக்கு 'ஏதோ தடங்கல், நிறுத்திவிட்டேன்' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. என்ன தடங்கல் என்பதை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும். அதனால் கண்டதையும் அணைத்துப் பார்க்காமல், கீழே உள்ள வரிசையில் போங்கள். நான் எழுதுவது விண்டோஸுக்கு. மேக் வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை குறைவு. ஆப்பிள் சரிபார்க்காத ஆப் என்று தடுத்தால், சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியின் கீழ்ப்பக்கம் போய் 'ஓபன் எனிவே' கொடுத்தால் பெரும்பாலும் முடிந்தது.

முதலில் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட். இந்த ஒரு பக்கத்தில் விண்டோஸ் எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, ரேம் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். சாஃப்ட்வேர் விற்பவரின் பக்கத்தில் 'சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்' என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். யாரும் செய்வதில்லை, நானும் செய்ததில்லை, ஆனால் இரண்டு நிமிட வேலை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல். வரி சாஃப்ட்வேர் வருடா வருடம் புதிதாக வருவது. போன வருடம் ஓடிய கம்ப்யூட்டர் என்பதால் இந்த வருடமும் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதே பக்கத்தில் விண்டோஸ் பெயரோடு 'எஸ் மோட்' என்று இருந்தால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் போட முடியாது. அதிலிருந்து இலவசமாக வெளியே வரலாம், ஆனால் திரும்பிப் போக வழியில்லை. தெரிந்து செய்யுங்கள்.

டவுன்லோட்

தேடுபொறியில் சாஃப்ட்வேர் பெயரைத் தட்டி, மேலே வரும் முதல் இணைப்பை அழுத்தாதீர்கள். அது பல நேரம் விளம்பரம், சில நேரம் போலி. வரி நேரத்தில் போலிகள் பெருகும், காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் பெயர், வருமானம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நீங்களே உட்கார்ந்து தட்டிக் கொடுக்கப்போகிற சாஃப்ட்வேர் இது. முகவரியை நீங்களே தட்டிப் போங்கள்.

இறங்கிய செட்டப் ஃபைலின் மேல் (பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஜிப் ஆக இறங்கியிருந்தால், அதைப் பிரித்த பிறகு உள்ளே இருக்கும் செட்டப் ஃபைலின் மேல்) ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறந்தால் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்று ஒரு டேப் இருக்க வேண்டும், அதில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். அந்த டேப்பே இல்லையென்றாலோ வேறு யாருடைய பெயராவது இருந்தாலோ ஃபைலை அழித்துவிடுங்கள். பெயர் சரியாக இருந்தும், திறக்கும்போது விண்டோஸ் நீலப் பெட்டியைக் காட்டிப் பயமுறுத்தினால், அதிகம் பேர் இன்னும் இறக்காத புது ஃபைல் என்பதாலும் அந்த எச்சரிக்கை வரும். 'மோர் இன்ஃபோ' அழுத்தினால் 'ரன் எனிவே' தெரியும். வரிசை முக்கியம்: அந்த டிஜிட்டல் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் இதை அழுத்த வேண்டும்.

அப்புறம் ஜிப். இதில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. ஜிப் ஃபைலை இரண்டு முறை அழுத்தினால் விண்டோஸ் அதைச் சாதாரண ஃபோல்டர் மாதிரியே திறந்து காட்டும், நீங்களும் உள்ளே இருக்கிற செட்டப்பை அழுத்துவீர்கள், அதுவும் ஓட ஆரம்பிக்கும், பாதியில் 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று நிற்கும். ஏனென்றால் விண்டோஸ் அந்த ஒரு ஃபைலை மட்டும் தற்காலிகமாக வெளியே எடுத்து ஓட்டியிருக்கிறது, அதன் கூட்டாளிகள் இன்னும் ஜிப்புக்குள்ளேயே கிடக்கின்றன. ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்து, வெளியே வந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டுங்கள்.

ஓட்டுவதற்கு முன்

ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது ரீஸ்டார்ட் ஆகாது! விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எழுப்பும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அப்டேட் ஏதாவது பாதியில் காத்திருந்தால் அதையும் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் 1618 என்று வரலாம். அதற்கு அர்த்தம், வேறு ஏதோ இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருக்கிறது என்பது. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும்.

கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். தேதி தவறாக இருந்தால் இணையச் சான்றிதழ்கள் செல்லாமல் போகும். ஆக்டிவேஷன் செய்யும் இடத்தில் 'சர்வரோடு தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று வரும், நீங்கள் இணைய இணைப்பைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதெல்லாம் முடிந்ததும் செட்டப் ஃபைலை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு 'நெக்ஸ்ட்' பட்டன் திரைக்குக் கீழே மறைந்துபோவதும் உண்டு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேல் அளவைத் தற்காலிகமாக 100 சதவீதத்துக்குக் குறைத்தால் வெளியே வரும்.

அப்படியும் நின்றுபோனால்

இங்கேதான் என் ஞாயிற்றுக்கிழமை போனது. பிழை எண்ணை இணையத்தில் தேடினால் இருபது பேர் இருபது வைத்தியம் சொல்வார்கள், விண்டோஸ் தன் உள் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதையோ அழிக்கச் சொல்வார்கள். வேண்டாம். லாக் ஃபைலைத் தேடுங்கள். செட்டப் என்ன செய்தது, எங்கே இடறியது என்பதை வரிவரியாக எழுதி வைத்திருக்கும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் அது.

விண்டோஸ் கீயோடு 'ஆர்' எழுத்தை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சதவீதக் குறி, ஆங்கிலத்தில் 'டெம்ப்', மறுபடி சதவீதக் குறி, இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். திறக்கும் ஃபோல்டரைத் தேதி வாரியாக அடுக்கினால், கடைசியாக உருவானவற்றில் 'லாக்' என்று முடியும் ஃபைல் பெரும்பாலும் இருக்கும். நோட்பேடில் திறந்து, 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுங்கள். வேலை செத்துப்போன இடம் அது. உண்மையான காரணம் அதற்குச் சில வரிகள் மேலே இருக்கும். ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்து மிரள வேண்டாம், அந்தப் பத்து வரி போதும்.

என் லாக்கில் இருந்தது 1327, 'செல்லாத டிரைவ்', கூடவே ஒரு டிரைவின் எழுத்து. பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். இடம் போதவில்லை என்று சில மாதங்களுக்கு முன் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றியிருந்தேன், அந்த டிஸ்க் அப்போது அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. வரி ஃபைல்களை வைக்க டாக்குமென்ட்ஸைத் தேடிய செட்டப், இல்லாத டிரைவில் முட்டி நின்றிருக்கிறது. டிஸ்க்கைச் செருகினேன், மூன்று நிமிடத்தில் ஏறிவிட்டது. நிரந்தரமாகச் சரிசெய்ய, டாக்குமென்ட்ஸை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், 'லொகேஷன்' டேப், 'ரீஸ்டோர் டிஃபால்ட்'.

உங்கள் லாக்கில் வேறு ஏதாவது இருக்கும். அடிக்கடி கண்ணில் படுவது டாட்நெட், அதாவது பல சாஃப்ட்வேர்கள் ஓடுவதற்குத் தேவைப்படும் மைக்ரோசாஃப்டின் துணைத் தொகுப்பு. சாஃப்ட்வேர் 3.5 பதிப்பைக் கேட்கும், உங்களிடம் 4.8 இருக்கும், 'அதை விடப் புதுசுதானே இருக்கிறது' என்று உங்களுக்குக் கோபம் வரும். இரண்டும் தனித்தனி, ஒன்று இருப்பதால் மற்றொன்றின் வேலை நடக்காது. விண்டோஸ் 10-இலும் விண்டோஸ் 11-இன் பெரும்பாலான பதிப்புகளிலும் ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, பட்டியலில் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.5-க்கு டிக் போட்டால் விண்டோஸே இறக்கிக்கொள்ளும். இதே மாதிரி இன்னொரு துணைத் தொகுப்பான விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்று வருடம் வருடமாக இன்ஸ்டால் பட்டியலில் நிற்பவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்திருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், 64 பிட் கம்ப்யூட்டரிலும் 32 பிட், 64 பிட் இரண்டு வகையும் தேவைப்படலாம்.

ஆன்டிவைரஸை அணைப்பது என் பட்டியலில் கடைசி. லாக்கில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று இருந்தால் மட்டும், இணையத்தைத் துண்டித்துவிட்டு, செட்டப் ஓடி முடியும் வரைக்கும் அணையுங்கள். முடிந்ததும் மறக்காமல் போடுங்கள்.

ஏறியபின் ஒரு சோதனை

ஏறிவிட்டது என்ற சந்தோஷத்தில் நேரே கணக்கு போட ஆரம்பிக்காதீர்கள். பொய்ப் பெயரில் ஒரு ஃபைல் உருவாக்கி, நாலு எண் தட்டி, சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். சேமிக்க மாட்டேன் என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' போய் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்' ஆனில் இருக்கிறதா பாருங்கள். தெரியாத சாஃப்ட்வேர் டாக்குமென்ட்ஸில் எழுதுவதை அது தடுக்கும். முழுவதும் அணைக்காமல், இந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

போன வருடச் சாஃப்ட்வேரை, இடத்தை அடைக்கிறது என்று தூக்கிவிடாதீர்கள். பழைய வருட ஃபைலை அந்தந்த வருடப் பதிப்பு மட்டுமே திறக்கும் வகைகள் நிறைய. தூக்கியே ஆக வேண்டுமென்றால் பழைய ரிட்டர்னை பிடிஎஃப் ஆகச் சேமித்துவிட்டுத் தூக்குங்கள்.

எதுவும் உதவாமல் கஸ்டமர் சப்போர்ட்டுக்கு எழுதினால், 'வேலை செய்யவில்லை, உடனே உதவவும்' என்று மட்டும் எழுதினால் முதல் பதிலில் ரீஸ்டார்ட் செய்யத்தான் சொல்வார்கள். விண்டோஸ் பதிப்பு, பிழை எண், லாக்கில் இருந்து அந்தப் பத்து வரி, இந்த மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த வரிகளில் ஃபோல்டர் பாதையோடு உங்கள் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும், வேண்டாமென்றால் அழித்துவிட்டு அனுப்பலாம். நீங்கள் கூப்பிடாமலே ஒருவர் போன் செய்து, 'உங்கள் கம்ப்யூட்டரை நாங்களே தூரத்திலிருந்து சரிசெய்கிறோம்' என்றால் போனை வைத்துவிடுங்கள்.