மீன்தொட்டிக்கு ஷவர் வடிகட்டி: அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் கோய், தங்கமீன் வளர்ப்போர், கற்கள் நிரப்பிய பிளாஸ்டிக் கூடைகளை அடுக்கி, மேலிருந்து நீரை வழியவிடும் சொட்டு வடிகட்டியையோ ஷவர் வடிகட்டியையோ தாமே அமைத்துவிடலாம். ஆனால், அதனை அழுக்கை அரித்தெடுக்கும் அரிதட்டாக எண்ணுவதே முதற்தவறு. ஏனைய தவறுகளிற் பல இதிலிருந்தே பிறக்கின்றன. மீன்கள் வெளியேற்றும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கற்களின் மேற்பரப்பில் படலமாக வாழ்கின்றன. 1 கிராம் அமோனியா நைதரசனை முழுமையாக மாற்றுவதற்கு ஏறக்குறைய 4.5 கிராம் ஒட்சிசன் செலவாகிறது. வெப்பமான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் என்பதால், திருகோணமலை போன்ற இடத்தில், நீர் மெல்லிதாக வழிந்து காற்றைத் தொட்டபடி இறங்குவதுதான் இவ்வமைப்பின் பலம்.

ஆகவே எச்சமும் தீனித் துணுக்குகளும் கலந்த நீரை நேரே கூடைகளுக்கு ஏற்றக் கூடாது. படிவுத் தொட்டியிலோ தடித்த பஞ்சு விரிப்பிலோ முன்னதாகவே அவற்றைத் தடுத்துவிட வேண்டும். மூடிய பரலுக்குள் கற்களை நிரப்பி, வெளியேறும் குழாயை உயரத்தில் பொருத்துவோரும் உளர். அப்போது கற்கள் நீரில் மூழ்கிவிடுவதால், அது பெயரளவில் மட்டுமே சொட்டு வடிகட்டியாக இருக்கும். கூடைகளுக்கிடையே 5 முதல் 10 சென்ரிமீற்றர் இடைவெளி இருப்பது நல்லது.

நீரைப் பகிரும் குழாயில்தான் அதிகம் பிழைக்கிறார்கள். உள்விட்டம் 25 மில்லிமீற்றர் கொண்ட குழாயில் 6 மில்லிமீற்றர் துளைகள் பதினேழு இட்டாலே அவற்றின் மொத்தப் பரப்பு குழாயின் குறுக்குவெட்டுப் பரப்புக்குச் சமனாகிவிடும். அதற்கு மேலும் துளையிட்டால் நீர் எல்லா இடத்திலும் சீராக விழாது, கூடையின் ஒரு பாதி காய்ந்தே கிடக்கும். துளைகளைக் குறைத்து, குழாயின் நுனியில் கழற்றக்கூடிய மூடியொன்றைப் போட்டால், பாசி அடைக்கும்போது கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யலாம். பம்பியின் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, நீரை மேலே ஏற்றாதபோது கிடைப்பது. கூடைகளின் உயரத்துக்கு அது எவ்வளவு தரும் என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். கூடைகளைத் தாங்கும் சட்டத்துக்குக் கல்வனைஸ் கம்பி வேண்டாம். அதிலிருந்து கரையும் நாகம் (துத்தநாகம்) மீனுக்கு நஞ்சு.

கடற்கரையில் முருகைக்கல் கிடைக்கிறதே என்று கூடையை நிரப்ப எண்ண வேண்டாம். முருகைக்கற் பாறைகளை உடைத்தெடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம்; கிணற்று நீர் ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்து கடினமாக உள்ள வீடுகளில் அதனால் பயனும் இல்லை. நன்கு கழுவிய செங்கல் துண்டோ எரிமலைக்கல்லோ போதும்.

மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் விரைவாக ஆவியாகி, உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த நீரை ஈடுசெய்வதோடு நிறுத்தாமல், இடையிடையே ஒரு பகுதியை அகற்றிப் புதுநீர் விட வேண்டும். அக்காற்றை மறைக்க மேற்குப் பக்கத்தில் கிடுகுத் தட்டி நிறுத்துவதானால், கூடைகளுக்குக் காற்றோட்டம் தேவை என்பதால் அவற்றோடு ஒட்டவிடக் கூடாது.

புதிய வடிகட்டியில் பற்றீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். அதுவரை மீன்களும் தீனியும் குறைவாகவே இருக்கட்டும். கற்களைக் குளோரீன் கலந்த குழாய்நீரில் கழுவினால் அந்தப் படலம் அழிந்துவிடும், தொட்டி நீரிலேயே அலச வேண்டும். மாரி மழையில் தொட்டி நிரம்பி வழியும் காலத்தில் நீரின் காரத்தன்மை குறைகிறது. பற்றீரியாக்களும் அதனைச் செலவிடுவதால் நீர் அமிலமாகக்கூடும். கழுவிய சிப்பி ஓடுகளைச் சிறு வலைப்பையில் கட்டிக் கீழ்க்கூடையில் வைப்பது அதற்குப் போதுமானது.