உன் வயதுள்ள ஒளி: பிள்ளைகளோடு எட்டாம் சங்கீதம் வாசிக்கும் முறை

எட்டாம் சங்கீதத்தைப் பல ஆண்டுகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தேன். பிள்ளைகள் பிசகில்லாமல் ஒப்பித்தார்கள். ஆனால் தாவீது அதில் வானத்தையும் நட்சத்திரங்களையும் ‘நான் பார்க்கும்போது’ என்றல்லவா பாடுகிறார்? பார்க்காத வானத்தைப் பற்றி ஒரு பிள்ளை எதைச் சொல்ல முடியும்? அதனால் பசுமலையில் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை இருட்டுக்குள் அழைத்துப் போகிறேன். நீங்களும் செய்யலாம்.

தை பிற்பாதியில் அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்திருக்கும். முதல் ஆண்டு பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு போய்விட்டோம். நிலவு வானத்தையே வெளுத்துவிட்டது. மதுரைக்குள் இருந்துகொண்டு பார்ப்பது வீண். பசுமலை மாடியில் நின்றால் வடகிழக்கு முழுவதும் நகரத்தின் வெளிச்சம்தான். நாங்கள் திருமங்கலம் தாண்டி, டி. கல்லுப்பட்டிச் சாலையில் இருக்கும் என் அண்ணன் தோட்டத்துக்குப் போகிறோம். பகலிலேயே களத்தைக் கூட்டிப் பாய் விரிக்கும் இடத்தைப் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. பக்கத்தில் கிணறு இருந்தால் பிள்ளைகள் வருவதற்கு முன் சுற்றிலும் கயிறு கட்டி, பெரியவர் ஒருவரை அங்கே உட்கார வையுங்கள்.

சாப்பாடு முடிந்ததும் மோட்டார் அறை விளக்கை அணையுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள், கைபேசிகளை வாங்கிவையுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். அந்த நேரத்தில் எதையும் விளக்காதீர்கள். பிள்ளைகள் மல்லாந்து படுத்திருக்கட்டும். வானம் ஒவ்வொரு நிமிடமும் கூடுதலாக நிறைவதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

எட்டரை மணிவாக்கில் உச்சிக்குச் சற்றுக் கிழக்கே, ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள். அந்த வரிசையைத் தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம், சிரியஸ். எதிர்ப்பக்கம் நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி. இன்னும் கொஞ்சம் போனால் கொத்தாகக் கார்த்திகை. பாட்டிகள் சொன்ன பெயர்கள் என்பதால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். நம் வேதாகமத்திலும் ஆமோஸ், ‘அறுமீனையும் மிருகசீரிஷத்தையும் உண்டாக்கினவர்’ என்றுதான் கர்த்தரைச் சொல்கிறார். அறுமீன் என்றால் இதே கார்த்திகைதான் என்று அங்கேயே காட்டுங்கள்.

இதற்குப் பிறகுதான் நாங்கள் போன காரியம். ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படி ஓடியும் சிரியஸின் ஒளி நம்மை வந்துசேர 8.6 ஆண்டுகள் ஆகின்றன. எட்டரை வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, “நீ பிறந்த சமயத்தில் புறப்பட்ட ஒளி இன்றைக்கு உன் கண்ணுக்குள் வந்திருக்கிறது” என்று சொல்லுங்கள். சிரியஸ், திருவாதிரை இரண்டோடும் சேர்ந்து கிழக்கே முக்கோணமாக நிற்கும் புரோசியானுக்கு ஏறத்தாழ 11.5 ஆண்டுகள். வடகிழக்கில் இரட்டையாக நிற்கும் புனர்பூசத்தில் பிரகாசமானது 34; அது சில பிள்ளைகளின் அம்மா வயது. ரோகிணி 65, தாத்தாவுக்கு. கார்த்திகையின் ஒளி ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. திருமலை நாயக்கர் மகால் அப்போது கட்டப்பட்டிருக்கவில்லை.

ஒருவன் நிச்சயமாக ஜென்ம நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்பான். இவை நம்மை ஆள்பவை அல்ல, நம்மைப் போலவே உண்டாக்கப்பட்டவை என்று சொல்லிவிட்டு ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறவுங்கள். சூரியனையும் சந்திரனையும் பெரிய சுடர், சிறிய சுடர் என்று விவரிக்கும் பதினாறாம் வசனம், இந்த வானம் முழுவதையும் ‘நட்சத்திரங்களையும்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லை வாசித்துவிட்டு மேலே பாருங்கள். எனக்கு ஒவ்வொரு ஆண்டும் தொண்டை அடைக்கிறது.

எல்லாம் ஆறு நாளில் உண்டாக்கப்பட்டது என்றால் எப்படி என்ற கேள்வியும் வரும். அதட்டி அடக்காதீர்கள். சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று நினைத்துப் பார்ப்பதே நமக்கு மிகக் கடினம் என 5ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீன் எழுதினார். எத்தனை மணி நேரம் என்பதை விட, யார் உண்டாக்கினார் என்பதையே அந்த அதிகாரம் நமக்குச் சொல்கிறது என்பது என் நம்பிக்கை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘நாம் எவ்வளவு அற்பமானவர்கள் பாருங்கள்’ என்று நிறுத்திவிடாதீர்கள். ஓர் ஆண்டு நான் தூரங்களாகவே அடுக்கிக்கொண்டு போனேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, “அப்படியென்றால் நாம் அவருக்குத் தெரியவே மாட்டோமா, டீச்சர்?” என்று கேட்டாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பாவை இழந்த பிள்ளை. எட்டாம் சங்கீதம் எதைக் கண்டு வியக்கிறது என்பதை நானே அன்றைக்குத்தான் சரியாகப் படித்தேன். மனுஷன் எம்மாத்திரம் என்று சொல்லும் தாவீது, அவனை நீர் ‘நினைக்கிறதற்கும்’, ‘விசாரிக்கிறதற்கும்’ என்ற சொற்களைச் சேர்த்தே சொல்கிறார். இத்தனை தூரத்தையும் உண்டாக்கியவர் விசாரிக்கிறார். வீட்டுக்கு வந்த உறவினர் நலம் விசாரிப்பதற்கு நாம் சொல்லும் அதே சொல். அதனால் இப்போது எண்களை எல்லாம் முதலில் சொல்லிவிட்டு, இந்த இரண்டு சொற்களுக்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக, தங்கள் பெயரைச் சேர்த்து அந்த வசனத்தைச் சொல்வார்கள்.

அந்தச் சிறுமி அன்று பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளுடைய அப்பா இருந்திருந்தால் அந்த ஆண்டு அவருக்கு முப்பத்து நான்கு. புனர்பூசத்தைக் காட்டினேன். “அப்பா பிறந்தபோது கிளம்பியதா?” என்றாள். ஆமாம் என்றேன். டார்ச்சை வாங்கிக்கொண்டு, வசனத்தில் தன் பெயரோடு அப்பாவின் பெயரையும் சேர்த்து வாசித்தாள்.