ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் வேலைக்கு எந்த பிராசசர்? வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

கடையில் போய் "கேட் வேலைக்கு" (கணினியில் வரைபடமும் மாடலும் செய்வதற்கு) என்றால் பெரும்பாலும் கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) அதிகமுள்ளதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். சிங்கப்பூரின் கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்கொயருக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே கொஞ்சம் வேலை இருக்கிறது.

1. உங்கள் வேலை எது? வரைவது, மாடல் செய்வது மட்டும்தானா, ரெண்டரிங், சிமுலேஷனும் உண்டா? மாடலிங் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். சாலிட்வொர்க்ஸில் ஒரு ஸ்கெட்சை மாற்றினால், அதை நம்பியிருக்கும் ஃபீச்சர்களை (துளை, வளைவு போன்ற மாடலின் பகுதிகளை) வரிசையாகத்தான் கணக்கிட வேண்டும். முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்க முடியாது. சும்மா நிற்கும் கோர்களால் அங்கே பயனில்லை.

2. இப்போதுள்ள கணினியில் சோதியுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெரிய அசெம்பிளி (பல பாகங்கள் சேர்ந்த மாடல்) ஒன்றை ரீபில்ட் செய்யுங்கள், அதாவது முழுதும் மறுபடி கணக்கிட வையுங்கள். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள பிராசசரில் சிபியு 7% என்று காட்டும். திரையோ உறைந்து நிற்கும். "பிராசசர் சும்மாதானே இருக்கிறது, ராம்தான் போதவில்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் பிராசசர்ஸ் காட்சிக்கு மாற்றுங்கள். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு, மற்றவை தரையில் கிடக்கும். 100ஐ 16ஆல் வகுத்தால் 6.25; பின்னணியில் ஓடும் சில்லறை வேலைகளையும் சேர்த்தால், அந்த 7% வந்த கதை இதுதான். (வேலை கோருக்குக் கோர் தாவினால் இரண்டு மூன்று கட்டங்கள் மாறி மாறி எழும். அதுவும் இதே கதைதான்.)

3. சிங்கிள் த்ரெட் மதிப்பெண்ணை (ஒரே கோர் எவ்வளவு வேகம் என்று சோதனை மென்பொருள் தரும் எண்) ஒப்பிடுங்கள். கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்தால் தலைமுறை வித்தியாசம் தெரியாது. கோர் அதிகமானால் ஒரு கோரின் வேகமும் அதிகம் என்றும் இல்லை: 64 கோர் த்ரெட்ரிப்பர் 7980எக்ஸின் உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ், 8 கோர் ரைசன் 7 9700எக்ஸுக்கு 5.5. மாடலிங்குக்கு நான் 9700எக்ஸையே சொல்வேன். மிச்சப் பணத்தை ராமில் போடுங்கள். தினமும் ரெண்டரிங் செய்பவர்களுக்கு 16 கோர் 9950எக்ஸ்.

4. லேப்டாப் என்றால் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். எச், எச்எக்ஸ் சரி, யூ வேண்டாம். ஏர்கான் போடாத எச்டிபி அடுக்குமாடி வீட்டு அறையில் மெல்லிய லேப்டாப் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சேர்க்கை: ஐடி ஷோவில் ஸ்நாப்டிராகன் லேப்டாப் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாலிடெக்னிக் மாணவர்கள் கேட்கிறார்கள். அது ஆர்ம் சிப்; வழக்கமான இன்டெல், ஏஎம்டி பிராசசர்களிலிருந்து வேறு வகை. சாலிட்வொர்க்ஸ், ரெவிட் (கட்டட வடிவமைப்பு மென்பொருள்) இரண்டுக்கும் அதில் அதிகாரப்பூர்வ ஆதரவு கிடையாது. விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: கரோசெல் விற்பனைத் தளத்தில் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ7, ஐ9 வாங்குபவர்கள் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் எப்போது போட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். வோல்டேஜ் கோளாறுக்கு இன்டெல் 2024இல் பயாஸ் அப்டேட் வழியாக வரும் மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டது. ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை அது சரிசெய்யாது.