சிஎஸ்எஸ் மாற்றியும் பக்கம் மாறவில்லையா?

வெப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் ஃபைலில் பட்டனின் நிறத்தை மாற்றி, சேமித்து, பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தாலும் பழைய நிறமே நிற்கிறதா? எழுதிய கோடிங்கைக் குடைய ஆரம்பிக்கும் முன் கேஷை, அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியை, சந்தேகப்படுங்கள்.

எஃப்12 அழுத்தி பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் கருவியான டெவ்டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் டேபில் 'டிசேபிள் கேஷ்' பெட்டியை டிக் செய்யுங்கள். டெவ்டூல்ஸ் திறந்திருக்கும் வரைதான் இது வேலை செய்யும். மூடினால் பழையபடி ஆகிவிடும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஒரே ஒரு தடவைக்கு என்றால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர், அதாவது கேஷைத் தவிர்க்கும் ஹார்டு ரிஃப்ரெஷ், போதும்.

சரி, உங்கள் பிரவுசரில் தீர்ந்தது. பயனர்களிடம் போய் ஹார்டு ரிஃப்ரெஷ் செய்யச் சொல்ல முடியுமா? அவர்களுக்கும் புதியது போக வேண்டுமென்றால் ஃபைலின் முகவரியே மாற வேண்டும்; அப்போதுதான் பிரவுசர் அதைப் புது ஃபைலாக எடுத்துக்கொள்ளும். சின்ன தளம் என்றால் லிங்க் டேகில் 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்?வி=2' என்று எண் போட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் கையால் செய்தால் என்றாவது மறந்துபோகும். வீட், வெப்பேக் போன்ற பில்டு கருவிகளால் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹேஷை (கைரேகை போன்ற எழுத்து-எண் குறியீட்டை) உருவாக்கிப் பெயரிலேயே சேர்க்க முடியும். உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாறும். என் ஓட்டு இதற்குத்தான்.

அப்புறம் ஹேஷ் சேர்த்த அந்த சிஎஸ்எஸ்ஸுக்கு, சர்வர் பதிலோடு அனுப்பும் கேஷ்-கண்ட்ரோல் ஹெடரில் மேக்ஸ்-ஏஜ் (பிரதியை எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்ற அளவு) 31536000 விநாடி, அதாவது ஒரு வருடம், தாராளமாகக் கொடுக்கலாம். எச்டிஎம்எல்லுக்கு மட்டும் 'நோ-கேஷ்' வையுங்கள். பிரவுசர் பிரதியை வைத்திருந்தாலும் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்கும். மாற்றம் இல்லையென்றால் 304 என்ற சின்னப் பதிலோடு முடிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகும் பழசே வருகிறதா? டெவ்டூல்ஸின் அப்ளிகேஷன் டேபில் பழைய சர்வீஸ் வொர்க்கர் (பின்னணியில் ஓடி, தானே சேமித்த ஃபைல்களைக் கொடுக்கக்கூடிய ஸ்கிரிப்ட்) ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.