வலைப்பூவில் ஊர்ப் பிரச்சினை எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

எங்கள் தெருவிளக்கைப் பற்றி வலைப்பூவில் மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் வரிப்பணம், அலட்சியம் என்று பொரிந்து தள்ளியிருந்தேன். 'சரியாச் சொன்னீங்க' என்று பலர் பின்னூட்டம் போட்டார்கள், விளக்கு எரியவில்லை. மூன்றாவதில் கம்பத்தின் எண், அணைந்த தேதி, புகார் எண் மூன்றையும் போட்டு, அச்செடுத்து அலுவலகத்தில் நீட்டினேன். பொறியாளர் கேட்டது ஒன்றுதான்: "ரேஷன் கடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" நான்காம் நாள் ஏணியோடு ஆள் வந்தார்.

கோபத்தை மட்டும் எழுதுவதுதான் பெரிய தவறு. படிக்கிறவர் கையில் எடுத்துச் செய்ய அதில் ஒன்றும் இருக்காது.

பெரிய அரசியலிலும் இதே கதைதான். 2002 டிசம்பர் 5 அன்று அமெரிக்க செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டின் நூறாவது பிறந்தநாள் விழாவில், 1948இல் தர்மண்ட் அமெரிக்க அதிபராகியிருந்தால் இத்தனை சிக்கல் வந்திருக்காது என்றார் செனட்டர் ட்ரெண்ட் லாட். தர்மண்ட் அப்போது போட்டியிட்டது இனப் பிரிவினைக் கொள்கையை முன்வைத்து. பெரும்பாலான பத்திரிகைகள் முதலில் கண்டுகொள்ளவில்லை. ஜாஷ் மார்ஷல் போன்ற வலைப்பதிவர்கள் விடவில்லை. லாட் 1980இலும் கிட்டத்தட்ட இதையே பேசியது வெளியே வந்தது. டிசம்பர் 20 அன்று குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக அவர் அறிவித்தார். வசவு மட்டும் இருந்திருந்தால் நாலு நாளில் அடங்கியிருக்கும். பழைய பேச்சைத் தோண்டி எடுத்ததுதான் அவரை மாட்ட வைத்தது.

வாசகர் எண்ணிக்கையை வாக்கு என்று நினைப்பது அடுத்த தவறு. அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீனுக்கு வலைப்பதிவு வழியாக ஆதரவாளர்களும் நன்கொடையும் குவிந்தன. 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த முதல் போட்டியில் அவருக்குக் கிடைத்தது மூன்றாமிடம். நம்மூரிலும் ஆயிரம் பேர் படித்த பதிவை எழுதியவர், கிராம சபையில் கையெழுத்துப் போடப் போயிருக்க மாட்டார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்கள் 'ஏன் சாலை போடவில்லை?' என்று கேட்டுக் கோட்டை விடுகிறார்கள். பொதுத் தகவல் அலுவலர் தர வேண்டியது ஆவணம், விளக்கம் அல்ல. பணி ஆணை நகல், முடிந்த வேலையை அளந்து குறிக்கும் அளவீட்டுப் புத்தகத்தின் நகல் என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இதைச் செய்யாமல் அலுத்துப்போய் விடுகிறவர்களே அதிகம்.

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்க வழி செய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது, இனி எதையும் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவதூறு வழக்கு அப்படியேதான் இருக்கிறது. 'கவுன்சிலர் தின்றுவிட்டார்' என்று எழுதாதீர்கள். 'பணி முடிந்ததாகக் கோப்பில் இருக்கிறது, இன்று காலை எடுத்த படம் இது' என்று எழுதுங்கள். படத்தில் தெருப் பெயர்ப் பலகையும் விழட்டும்.