"எக்சர்சைஸ் உண்டா?" என்று கேட்காதீர்கள்: நோயாளியின் உடலுழைப்பை அளப்பதில் நேரும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவரிடம் "எக்சர்சைஸ் உண்டா?" என்று கேட்டால், "அதுக்கெல்லாம் எங்க சார் நேரம்?" என்பார். சீட்டில் 'உடற்பயிற்சி இல்லை' என்று ஏறிவிடும். விடியும் முன்பே தலைவிளக்கோடு மேட்டிலும் சரிவிலும் மரம் மரமாக நடந்துவிட்டு வந்தவர் அவர். முந்திரி ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்தே பருப்பு எடுக்கும் அம்மாவோ, "சோலி பாத்து ஒடம்பு ஒடிஞ்சு போச்சு" என்பார். அது 'நல்ல உழைப்பு' ஆகிவிடும். களைப்பை அசைவு என்று கணக்கெழுதுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

இரண்டு கேள்வி போதும். வேகநடைபோல மூச்சு கொஞ்சம் வாங்கும் வேலையோ நடையோ வாரத்தில் எத்தனை நாள்? அந்த நாள்களில் சராசரியாக எத்தனை நிமிடம்? பெருக்கி, எண்ணாகவே எழுதுங்கள். 4 நாள், 25 நிமிடம் என்றால் 100. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன கீழ்வரம்பு வாரம் 150 மிதமான நிமிடம், அல்லது 75 கடுமையான நிமிடம். எனவே கடுமையான ஒரு நிமிடத்தை இரண்டாகக் கணக்கிடலாம். வெறும் 'ஆம், இல்லை' என்று டிக் அடித்தால், அடுத்த முறை 40 நிமிடம் 100 ஆகியிருந்தாலும் தெரியாது. தொடர்ந்து 10 நிமிடம் செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் அந்த வழிகாட்டுதலில் இல்லை. கடைக்கு 5 நிமிடம் வேகமாக நடந்ததும் சேரும்.

"டெய்லி ஒரு மணி நேரம் நடப்பேன்" என்பதை அப்படியே எழுதிவிடாதீர்கள். "எப்ப கிளம்புவீங்க பாட்டா, எப்ப திரும்புவீங்க, இடையில எங்க இருப்பீங்க?" என்று கேளுங்கள், டீக்கடை பெஞ்சு வெளியே வரும். பிறகு வராந்தாவில் வழக்கமான வேகத்தில் 30 வினாடி நடக்கவிட்டு அடியை எண்ணுங்கள். 50 அடி வந்தால், அதாவது நிமிடத்துக்கு 100, பெரும்பாலானோருக்கு மிதமான நடை. உடன் வந்த மகளிடம் பதிலை வாங்காதீர்கள்.

'கடந்த 7 நாளில் எவ்வளவு?' என்ற கேள்வி நம் மாவட்டத்தில் தனியாகக் காலை வாரும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்போது வந்த மீனவரின் எண் கரையில் இருந்த நாள்களின் எண். பால் வெட்டுக்கும் மழை குறுக்கே வரும், அதுவும் இங்கே இரண்டு பருவமழை. வேலை நாள் வாரம், வேலை இல்லாத வாரம் என்று இரண்டு எண்ணாக எழுதுவதே நேர்மை.

கருவியை நம்பி இதையெல்லாம் விட்டுவிட முடியாது. போன் எண்ணும் அடி, போன் கூடவே இருந்தால்தான். நைட்டியில் பாக்கெட் இல்லாதவர் போனை அடுக்களை மேடையில் வைத்துவிட்டு வீடு முழுக்க நடப்பார். அடி எண்ணும் கைக்கடிகாரம் சைக்கிள் மிதிப்பதைக் குறைத்துக் காட்டும். மெதுவாகக் காலை இழுத்து நடக்கும் முதியவரின் அடிகளைத் தவறவிடும். தலைச்சுமையோடு நடந்தாலும் வெறுங்கையோடு நடந்தாலும் அதற்கு ஒரே அடி. பனையேற்றத்தைச் சொல்லவே வேண்டாம்.

அட்டினோலால், மெட்டோபிரோலால் போன்ற, நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பை வைத்துக் கடுமையை மதிப்பிட்டால் குறைவாகவே வரும். பேச்சுதான் அங்கே அளவுகோல்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமானது; சில சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடுமையானது.

உட்காரும் நேரத்தைத் தனியாகக் கேளுங்கள். வாரம் 5 நாள் மாலையில் 30 நிமிடம் நடந்து 150-ஐ எட்டியவரும் பகலில் 8 மணி நேரம் உட்கார்ந்தே இருக்கலாம். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் நடைச் சோதனையின் முடிவைச் சீட்டில் உடலுழைப்புக்கான இடத்தில் எழுதுவது வேறு குழப்பம். அவரால் எவ்வளவு முடியும் என்பதை அது சொல்லும், வீட்டில் எவ்வளவு செய்கிறார் என்பதை அல்ல.